டெல்டா கொல்லையில் வெள்ளரி: எந்தப் பட்டத்துக்கு எந்த விதை

விதைக்கடையில் "வெள்ளரி விதை கொடுங்க" என்று மட்டும் கேட்டால், பல சமயம் நாம் நினைத்தது கைக்கு வராது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்கிற பிஞ்சு, சாலட்டுக்கு நறுக்குகிற நீளக்காய், சாம்பாரில் போடுகிற மஞ்சள் காய், சித்திரை வெயிலில் வெடித்து மாவாகிற வெள்ளரிப்பழம், இத்தனையும் நமக்கு வெள்ளரிதான். செடி மட்டும் ஒன்றல்ல. சாலட் வெள்ளரி ஒரு இனம். சாம்பார் வெள்ளரியும் வெள்ளரிப்பழமும் முலாம்பழத்தின் இனம். சந்தையில் பிஞ்சு என்று விற்பதில் இரண்டு இனமும் கலந்து கிடக்கும். ஆகவே விதை வாங்கும்போது காய் எப்படி இருக்கும், எதற்குப் பயன்படும் என்று கேட்டு வாங்குங்கள்.

இதைத் தெரிந்துகொள்வது வெயிலுக்காக. முலாம்பழ இனம் பங்குனி, சித்திரை வெயிலைத் தாங்கித் தரையில் படர்ந்து காய்க்கும். சாலட் வெள்ளரிக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது. கொடி ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும், காய் கசக்கும். ரகம் எது என்று பார்ப்பதற்கு முன்னால் மாதம் எது என்று பார்க்க வேண்டும்.

டெல்டாவில் சாலட் வெள்ளரிக்கு இரண்டு பட்டம் சரியாக வரும். விதைத்த 45 நாளில் முதல் காய், அதன்பின் ஒரு மாதம் முதல் ஐந்து வாரம் வரை பறிப்பு. கணக்கு மொத்தம் 80 நாள். தை நடுவில் சம்பா அறுப்போடு விதைத்தால் மாசிக் கடைசியில் பறிக்க ஆரம்பித்து, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் கொடியை முடித்துவிடலாம். ஆனால் மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவதால், இந்தப் பட்டத்துக்குத் தண்ணீர் போரையோ குளத்தையோ நம்பித்தான். ஜூன் 12-ல் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வருஷங்களில் ஆனி, ஆடிப் பட்டம் சுலபம். ஆடி பிறந்து பத்து நாளுக்குள் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் பறிப்பின் நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், அடிச்சாம்பல் நோய் ஒரு வாரத்தில் கொடியை முடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளரி விதைக்கவே வேண்டாம். வெள்ளரிப்பழமும் சாம்பார் வெள்ளரியும் மாசியில் விதைக்கலாம்.

இனி ரகம். தைப் பட்டத்துக்கு ஜப்பானிய லாங் கிரீன் நல்லது. சீக்கிரம் காய்க்கும், ஒரு அடிக்கு மேல் நீளும், தோல் மெல்லியது. ஸ்ட்ரெய்ட் எய்ட் அமெரிக்காவில் 1935-ல் பரிசு பெற்ற பழைய ரகம். எட்டு அங்குலம் நேராக வளரும், சுவையும் உண்டு, நோய் எதிர்ப்பு மட்டும் கிடையாது. அதனால் ஈரம் குறைந்த தை, மாசிக்குத்தான் அது சரி. ஆடிப் பட்டத்துக்குப் பாயின்செட்டைவிடப் பொருத்தமானது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கரும்பச்சை, முக்கால் அடி நீளம், அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் இரண்டுக்கும் தாங்கும். தாங்கும் என்றால் வராது என்பதல்ல. வந்தாலும் கொடி பிழைத்துக் காய் கொடுக்கும். நாட்டு வெள்ளரி வீட்டுக்கு வீடு வேறு. நல்ல விதை அமைந்தால் அதற்கு ஈடு கிடையாது, ஆனால் கசக்கிற வம்சமும் அதில் உண்டு.

பாக்கெட்டில் ஐந்து, பத்து என்று எண்ணி விற்கும் விதையில்லா வெள்ளரியை மொட்டைக் கொல்லைக்கு வாங்காதீர்கள். மகரந்தம் சேராமலே காய்க்கும்படி பசுமைக்குடிலுக்காக உருவாக்கியது அது. திறந்த வெளியில் தேனீ பக்கத்து வெள்ளரியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் விதை பிடித்து, ஒரு முனை மட்டும் பருத்த காயாக வரும்.

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில் வெள்ளரி சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். வேரடியில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சடைத்து இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். இலை வாடினால் முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரம் பிசுபிசுத்தால் தண்ணீர் விடக்கூடாது.

களிமண்ணில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு ஆற்று மணல், அதே அளவு மக்கிய எரு, 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு கலந்து நிரப்பி, மேலே அரை அடிக்குக் குறையாமல் மேடு கட்ட வேண்டும். குழியை மட்டும் நிரப்பி மேடு கட்டாவிட்டால் சுற்றியுள்ள களியிலிருந்து தண்ணீர் வந்து அதே குழியில் கிணறு மாதிரி தேங்கும். கொள்ளிடப் படுகை வண்டல் கிடைத்தவர்களுக்கு இந்த வேலை பாதி. வேதாரண்யம், நாகப்பட்டினம் மணலில் பிரச்சினை வேறு. அங்கே போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், அதற்குக் குளத்துத் தண்ணீர்தான் மருந்து. மாடியில் வைப்பவர்கள் 20 லிட்டர் பைக்கு ஒரு செடிக்கு மேல் வைக்க வேண்டாம்.

விதையை ஈரத்துணியில் ஒரு ராத்திரி வைத்து, குழிக்கு நாலு விதை, அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். மூன்றாவது இலை வந்ததும் திடமான இரண்டை விட்டு மற்றதை அடியில் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து அசையும். வெள்ளரி வேர் அசைவதைப் பொறுக்காது. விதையிலை விரிந்த நாளிலேயே சிவப்புப் பூசணி வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும். காலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவிவிடலாம். விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும், கையால் பிடித்துப் போடவும் அதுதான் நேரம்.

சாலட் வெள்ளரிக்குச் சவுக்குக் கம்பு நட்டு ஐந்தடி உயரத்துக்குத் தென்னங்கயிறு கட்டுங்கள். கொடி கயிற்றில் ஏறினால் காய் நேராகத் தொங்கும், இலைக்குள் காற்று போவதால் நோயும் குறையும். அடியில் மூன்று அங்குலத்துக்கு வைக்கோல் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். வெள்ளரிப்பழத்துக்குப் பந்தல் கூடாது. காய் முற்றும்போது எடை தாங்காது. வைக்கோல் மேல் படரவிடுவதே சரி.

கொடி பூக்க ஆரம்பித்ததும் பத்து நாளுக்கு வெறும் ஆண் பூவாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை, அது இயல்பு. பெண் பூவின் பின்னால் விரல்நுனி அளவு குட்டிக் காய் இருக்கும். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. ஒரு முனை சூம்பி மறுமுனை பருத்தால் பாதிதான் சேர்ந்திருக்கிறது. ஒரு பூவுக்குத் தேனீ பலமுறை வந்து போக வேண்டும். தேனீ குறைந்த இடத்தில் கையால் சேர்க்கலாம். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள், அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்துக் கிழித்துவிட்டு, நடுவில் நிற்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடு முடிச்சில் மூன்று பக்கமும் தடவுங்கள். முந்தின நாள் பூ உதவாது. காலையில் பூச்சிமருந்து அடிக்கிற வீட்டில் காய் பிடிக்காததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அடித்தே ஆக வேண்டும் என்றால் சாயங்காலம் வேப்பங்கொட்டைச் சாறு, லிட்டருக்கு 50 கிராம் கொட்டை இடித்து ஊறவைத்து வடிகட்டியது. கந்தகத்தூளை வெள்ளரிமேல் போடாதீர்கள், இலை கருகிவிடும்.

பழ ஈ பிஞ்சில் குத்தி முட்டை வைக்கும். குத்திய இடத்தில் தேன் நிறத்தில் பிசின் துளி நிற்கும், காய் அந்தப் பக்கம் வளையும். அந்தக் காயைக் கொடியிலோ குப்பையிலோ விடக்கூடாது. பாலிதீன் பையில் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள். மண்ணில் விழுந்தால் புழு கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை கிளம்பும். பூ உதிர்ந்ததும் பிஞ்சைச் செய்தித்தாள் பையால் மூடுவதுதான் வீட்டுக்கு நிச்சயமான வழி.

டெல்டாவுக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. பக்கத்து வயலில் நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்தால், காற்றில் வருகிற சாரலே வெள்ளரிக்குப் போதும். இளம் இலை கிண்ணம் போல் மடங்கும், நரம்பு நெருங்கி விசிறியாகும், நுனி முறுக்கிக்கொள்ளும். வைரஸ் என்று நினைத்து எதையெதையோ அடிப்பார்கள். அக்கம்பக்கத்தில் எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்று விசாரித்தால் விஷயம் தெரிந்துவிடும். களைக்கொல்லி அடித்த கைத்தெளிப்பானை எத்தனை கழுவினாலும் வெள்ளரிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கசப்பைப் பற்றி. காயின் காம்புப் பக்கத்தை நறுக்கி, அந்தத் துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து நுரை எடுப்பது நம் வீடுகளில் பழக்கம். நுரை வரும், ஆனால் உள்ளே இருக்கும் கசப்பு அதனால் வெளியேறிவிடாது. குக்குர்பிட்டசின் என்ற அந்தக் கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் அதிகம் என்பதால், அங்கே ஒரு அங்குலம் தள்ளி நறுக்கித் தோலைக் கனமாகச் சீவுவதுதான் பலன் தரும். கடுங்கசப்பாக இருந்தால் தின்னவே வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும். மூன்று நாள் காயப்போட்டு நாலாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சுகிற கொடியில் இது கூடும். காய்ப்பு நேரத்தில் தினமும் காலையில் செடிக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும்.

பிஞ்சுக்குப் பூத்த ஐந்தாறு நாளிலும், சாலட்டுக்குப் பத்து நாளிலும் கத்தியால் அறுங்கள். ஒரு காய் மஞ்சளாகி முற்றினால் கொடி புதுக்காய் வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளரிப்பழத்துக்கு அவசரம் கூடாது. வாசம் வந்து, தோல் கீற ஆரம்பித்து, காம்பு தானாகவே விட்டுவிடும் நிலையில் எடுக்க வேண்டும். அதற்கு முன் அறுத்தால் மாவாகாது. கீறல் கண்டதும் வாழைநாரால் சுற்றிக் கட்டினால் சிதறாமல் வீட்டுக்குள் வரும்.

விதைக்கு வைப்பதானால் ஒட்டுரகத்தில் எடுக்க வேண்டாம், குணம் சிதறும். சாலட் வெள்ளரியும் வெள்ளரிப்பழமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கலக்காது. முன்னதற்கு 14 குரோமோசோம், பின்னதற்கு 24. ஆனால் வெள்ளரிப்பழம், சாம்பார் வெள்ளரி, முலாம்பழம் மூன்றும் தமக்குள் தாராளமாகக் கலக்கும். சாலட் வெள்ளரியில் இரண்டு ரகம் வைத்திருந்தாலும் அப்படியே. கலப்பு இந்த வருஷக் காயின் சுவையில் தெரியாது, அதன் விதையிலிருந்து அடுத்த பட்டத்தில் வரும் கொடியில்தான் தெரியும். அதனால் மலரப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முதல்நாள் சாயங்காலமே நூலால் கட்டி, காலையில் கையால் சேர்த்து, மறுபடி கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காய் முழுக்கப் பழுத்துப் பழுப்பேறியபின் எடுத்து, பத்து நாள் நிழலில் வைத்து, விதையைச் சதையோடு வழித்து இரண்டு நாள் புளிக்கவிடுங்கள். கழுவும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து மூடிபோட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்தால் அடுத்தடுத்த பட்டங்களுக்கும் முளைப்பு குறையாது.