போனை எடுக்காதவங்க ஓட்டு

2024 அக்டோபர் 21, திங்கள்

பென்சில்வேனியால ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். எங்க நார்த்தாம்ப்டன் கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இந்த மாசம் பூரா டிவி போட்டா ட்ரம்பா கமலா ஹாரிஸான்னு அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் விளம்பரம், தபால் பெட்டிய தொறந்தா ஒரு கத்தை பளபளா அட்டை, போன் அடிச்சா சர்வே. ஏன் எல்லாரும் இங்கயே வந்து விழறாங்கன்னா, இந்த கவுன்ட்டி 2008லயும் 2012லயும் ஒபாமாவுக்கு போட்டுச்சு, 2016ல ட்ரம்புக்கு, 2020ல பைடனுக்கு, அதாவது நாலு தடவையும் ஜெயிச்ச ஆளுக்கே. எங்க மாநிலத்துக்கு 19 எலக்டோரல் ஓட்டு, அதாவது இங்க ஜெயிக்கிறவருக்கே மொத்தமா போற ஓட்டு. மொத்தம் 538, அதுல 270 வந்தா ஆட்சி. கலிபோர்னியாலயும் டெக்சாஸ்லயும் யாருன்னு முன்னாடியே தெரியும், அதனால சண்டை எல்லாம் ஏழு மாநிலத்துலதான்.

அம்மா போன் பண்ணினாங்க. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸோட தாத்தா ஊருங்கிறதால அங்க பேனரெல்லாம் கட்டியிருக்காங்க இல்ல, அந்த சூடு அம்மாவுக்கும் ஏறிடுச்சு. "நம்ம பொண்ணு வந்துரும்லடா?" "தெரியலம்மா, இங்க யாரும் அதப் பாத்து ஓட்டு போடல, மளிகை விலையும் வீட்டு வாடகையும்தான் பேச்சு"ன்னு சொன்னேன். அம்மாவுக்கு அந்த பதில் பிடிக்கல.

2024 அக்டோபர் 24, வியாழன்

இங்க யாரு ஏன் எந்தக் கட்சிக்கு ஓட்டு போடுறாங்கன்னு ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்காக கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். பணக்காரன்னா ரிபப்ளிகன் (ட்ரம்ப் கட்சி), ஏழைன்னா டெமாக்ரட் (ஒபாமா, பைடன், ஹாரிஸ் கட்சி)ங்கிற பழைய கணக்கு இப்போ ஓடாது. இன்னைக்கு பெரிய பிளவு காலேஜ் டிகிரி இருக்கா இல்லையாங்கிறதுலதான், அதுக்கடுத்து நெருக்கமான நகரமா தள்ளித்தள்ளி வீடு இருக்கிற கிராமமாங்கிறது, அப்புறம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு தவறாம போறாங்களாங்கிறது. துப்பாக்கியும் அப்படித்தான், பியூ ரிசர்ச்ங்கிற ஆய்வு அமைப்பு 2023ல எடுத்த கணக்குப்படி ரிபப்ளிகன் பக்கத்துல 45 சதவீதம் பேரு கிட்ட சொந்தமா துப்பாக்கி இருக்கு, டெமாக்ரட் பக்கத்துல 20 சதவீதம்.

ஆனா இந்தக் கணக்க வச்சுக்கிட்டு ஒரு ஆள பாத்தா ஒட்டவே ஒட்டாது. எங்க பக்கத்து வீட்டு பெரியவர எடுத்துக்குங்க. பெத்லகேம் ஸ்டீல்ல காலமெல்லாம் வேலை பாத்தவர். 1995ல இங்க இரும்பு உருக்குறத நிறுத்துனாங்க, 2001ல கம்பெனி திவால், பென்ஷன் அரசாங்க காப்பீட்டு அமைப்பு கைக்குப் போச்சு, 2003ல ரிட்டயர் ஆனவங்களோட மெடிக்கல் இன்சூரன்ஸ மொத்தமா கட் பண்ணிட்டாங்க. யூனியன் பேசி எழுத்துல வாங்குன இன்சூரன்ஸ் அது. உலை இருந்த இடத்துல இப்போ கேசினோ. இவரு ஒபாமாவுக்கு ரெண்டு தடவை போட்டவரு, அதுக்கப்புறம் ட்ரம்ப்தான். தேங்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்சதும் மான் வேட்டைக்கு துப்பாக்கிய தொடச்சு வைக்கிறவரு, எல்லையில கறாரா இருக்கணும்பாரு, ஆனா யூனியன் வேணும், மெடிகேர்ல (வயசானவங்களுக்கான அரசாங்க மெடிக்கல் இன்சூரன்ஸ்) கை வைக்கக் கூடாது, கருக்கலைப்பு பத்தி கேட்டா "அது அந்தந்த வீட்டு விஷயம்"னு முடிச்சுடுவாரு. இவர எந்தப் பெட்டியில போடுறது? எதிர் வீட்டு டீச்சரம்மா பக்கா லிபரல், அதாவது முற்போக்குப் பக்கம், வாசல்ல ஹாரிஸ் போர்டு, அகதிகளுக்கு துணிமணி சேகரிக்கிறதுல முன்னாடி நிப்பாங்க, உண்மையிலேயே நல்ல மனசு. தெருமுனையில அபார்ட்மென்ட் வரப்போகுதுன்னதும் டவுன்ஷிப் மீட்டிங்ல எந்திரிச்சு எதிர்த்துப் பேசுனதும் அவங்கதான்.

நாடு பூரா கேட்டாலும் லிபரல்னு தன்னைச் சொல்லிக்கிறவங்க கால்வாசிதான், கன்சர்வேட்டிவ், அதாவது பழமைப் பக்கம்னு சொல்றவங்க மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல, மிச்சம் பேரு நடுவுலன்னு சொல்லிக்கிறாங்க. அந்த நடுவுல இருக்கிறவங்க எல்லாத்துலயும் நிதானமான கருத்து உள்ளவங்கன்னு நெனச்சுடாதீங்க. ஒரு விஷயத்துல இந்தக் கோடி, இன்னொண்ணுல அந்தக் கோடி.

அப்போ ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உண்மையான வித்தியாசம் எதுன்னு கேட்டா, நான் பாத்த வரைக்கும் நம்பிக்கைதான். யார நம்புறோம்ங்கிறது. கேலப்ங்கிற சர்வே கம்பெனி இந்த மாசம் வெளியிட்ட கணக்குல பத்திரிகை டிவிய நம்புறோம்னு சொன்ன டெமாக்ரட்ஸ் 54 சதவீதம், ரிபப்ளிகன்ஸ் வெறும் 12 சதவீதம். வரி பத்தியோ துப்பாக்கி பத்தியோ பேசி ஒரு இடத்துல வந்து நிக்கலாம். சொல்ற ஆளையே நம்பலன்னா பேச்சே ஆரம்பிக்காது. பெரியவர் விஷயத்துல அந்த நம்பிக்கை எப்போ எங்க செத்துச்சுன்னு தேதி போட்டே சொல்லலாம்.

2024 அக்டோபர் 28, திங்கள்

நேத்து நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ட்ரம்ப் கூட்டம். அங்க மேடையேறுன ஒரு காமெடியன் அமெரிக்காவுக்குச் சொந்தமான போர்ட்டோ ரிக்கோ தீவ கடல்ல மிதக்குற குப்பைத் தீவுன்னு சொல்லிட்டான். பக்கத்து ஊரு ஆலன்டவுன்ல பாதிக்கு மேல ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசுற வம்சத்து) மக்கள், அதுல போர்ட்டோ ரிக்கோ குடும்பங்க ஏகப்பட்டது. காலையில இருந்து டிவில எல்லாரும் ட்ரம்புக்கு பென்சில்வேனியா இதோட முடிஞ்சுதுன்னு பேசுறாங்க.

வேர்ஹவுஸ்ல எங்கூட வேலை பாக்குற போர்ட்டோ ரிக்கோ பையன் கிட்ட லஞ்ச்ல கேட்டேன். முகம் சுருங்கிப் போச்சு, கோவம்தான். "எங்க பாட்டி அழுதாங்க. ஆனா அந்த ஜோக் ஒரு நாள் வலிக்கும், வாடகை மாசாமாசம் வலிக்குது"ன்னான். யாருக்குப் போடுவன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.

2024 நவம்பர் 3, ஞாயிறு

நேத்து சாயங்காலம் அயோவா மாநிலத்துல இருந்து ஒரு போல் (தேர்தல் கருத்துக்கணிப்பு) வந்துச்சு, அதுல இருந்து தூக்கமில்ல பாதி நாட்டுக்கு. டி மாயின் ரெஜிஸ்டர் பத்திரிகைக்காக ஆன் செல்சர் எடுத்தது. ஹாரிஸ் 47, ட்ரம்ப் 44. அயோவால! ட்ரம்ப் 2020ல 8 பாயின்ட்ல (8 சதவீத வித்தியாசத்துல) ஜெயிச்ச மாநிலம். வேற யாராவது எடுத்திருந்தா தூக்கிப் போட்டுருவாங்க, இது செல்சர். 2016லயும் 2020லயும் மத்தவங்க டெமாக்ரட்ஸுக்கு சாதகமா நம்பர் விட்டுட்டு இருந்தப்போ இந்தம்மா ரெண்டு தடவையும் கடைசி போல்ல ட்ரம்ப் 7 முன்னாடின்னு சொல்லி கிட்டத்தட்ட பிடிச்சவங்க.

டீச்சரம்மா காலையிலேயே கதவத் தட்டி சொல்லிட்டுப் போனாங்க, முகத்துல அவ்ளோ வெளிச்சம். எனக்கு மனசு ஒப்பல. ஏன்னு எழுதுறேன். பியூ கணக்குப்படி 1997ல நூறு பேருக்கு சர்வே போன் பண்ணா 36 பேரு பதில் சொன்னாங்க, 2018ல அது 6 பேரா ஆயிடுச்சு. மிச்சம் 94 பேரும் இந்த ஆறு பேரு மாதிரியே யோசிச்சா பிரச்சனை இல்ல. ஆனா யாரு போன எடுக்குறா? எங்க தெருவுல டீச்சரம்மா எடுப்பாங்க, எல்லா கேள்விக்கும் பொறுமையா பதில் சொல்லுவாங்க, அது குடிமகனோட கடமைன்னு நெனைக்கிறவங்க. பெரியவர் தெரியாத நம்பர்னா கட் பண்ணிடுவாரு. நான் மேல எழுதுன அந்த நம்பிக்கைப் பிளவு இருக்கே, அதேதான் போன எடுக்குறதா வேணாமாங்கிறதுலயும் இருக்கு. 2016ல சர்வேக்காரங்க பலரு காலேஜ் படிக்காதவங்கள சரியா கணக்குல ஏத்தல, அத சரி பண்ணிட்டாங்க. 2020ல பண்ணியும் தப்பாச்சு, தேசிய அளவுல 40 வருஷத்துல அவ்ளோ பெரிய பிசகு இல்லன்னு அவங்க சங்கமே ஒத்துக்கிச்சு. ஏன்னா படிக்காதவங்கள்லயே போன எடுக்குறவங்களும் எடுக்காதவங்களும் வேற வேற. இந்தத் தடவை நெறைய பேரு "போன தடவை யாருக்குப் போட்டீங்க"ன்னு கேட்டு அத வச்சு சரிக்கட்டுறாங்க. செல்சர் அத செய்யறதில்ல.

2024 நவம்பர் 4, திங்கள்

நாளைக்கு ஓட்டு. இன்னைக்கு ஹாரிஸ் ஆலன்டவுன்ல, ட்ரம்ப் ரெடிங்ல, ரெண்டும் எங்க வீட்ல இருந்து கார்ல போற தூரம்.

1936 ஜனாதிபதி தேர்தல் கதை தெரியாதவங்களுக்காக. லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்கு ஓட்டுச் சீட்டு மாதிரி அட்டை அனுப்புச்சு, 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு, ரூஸ்வெல்ட்ட எதிர்த்து நின்ன லேண்டன் ஜெயிப்பாருன்னு அடிச்சு சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48ல 46 மாநிலம் ஜெயிச்சாரு. ஜார்ஜ் கேலப் அதவிட எவ்வளவோ சின்ன கூட்டத்த கேட்டு சரியா சொல்லிட்டாரு. எத்தன பேர கேட்டோம்ங்கிறதுல ஒண்ணுமில்ல, யாரு அட்டைய திருப்பி அனுப்புனாங்கங்கிறதுலதான் எல்லாம். தொண்ணூறு வருஷம் ஆகப்போகுது, வியாதி அதேதான்.

சதவீதத்தையும் ஜனங்க தப்பா எடுத்துக்கிறாங்க. 2016ல 538ங்கிற பேர்ல இருக்கிற தேர்தல் கணிப்பு தளம் ட்ரம்புக்கு 28.6 சதவீத வாய்ப்புன்னு போட்டுச்சு, தோத்தே போயிடுவாருன்னு படிச்சவங்கதான் ஜாஸ்தி. மூணு தடவைல ஒரு தடவைக்குக் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான், அது நடக்குற விஷயம். இப்போ எல்லா மாநிலத்துலயும் ஒரு பாயின்ட் ரெண்டு பாயின்ட்தான் வித்தியாசம்னு காட்டுறாங்க, ஆளாளுக்கு நாலு மாநிலம் இங்க மூணு அங்கன்னு பிரிச்சு மேப் போடுறாங்க. எனக்கு அது சரியா படல. பிசகு ஒரு மாநிலத்துல இருந்தா பக்கத்து மாநிலத்துலயும் அதே பக்கம்தான் இருக்கும், விஸ்கான்சின்ல போன எடுக்காத ஆளும் மிச்சிகன்ல எடுக்காத ஆளும் ஒரே ரகம். ஏழும் சேர்ந்து ஒரே பக்கம் சாயத்தான் வாய்ப்பு அதிகம். எந்தப் பக்கம்னு சொல்ல என்கிட்ட சரக்கு இல்ல.

2024 நவம்பர் 5, செவ்வாய்

காலைல ஏழு மணிக்கு கதவு தொறக்குறதுக்குள்ள வரிசை தெரு வரைக்கும் வந்துடுச்சு. தபால்ல வந்த ஓட்டுக்களையும் இந்த மாநிலத்துல இன்னைக்கு ஏழு மணிக்கு முன்னாடி பிரிக்கவே கூடாதுன்னு சட்டம், 2020ல நாலு நாள் இழுத்தது அதனாலதான். அந்த நாலு நாள்லதான் ஓட்டு திருட்டுன்னு பேச்சு கிளம்புச்சு. சட்டத்த மாத்த நாலு வருஷம் இருந்துச்சு, மாத்தல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். ஏற்கனவே நம்பாதவன நம்ப வைக்க கிடைச்ச சுலபமான வழிய விட்டுட்டாங்க.

வரிசைல எனக்கு முன்னாடி ரெண்டு இளவட்டப் பசங்க, முதல் ஓட்டு போல. பாட்காஸ்ட் பத்தியே பேசிட்டு இருந்தாங்க. இவங்கள எந்த சர்வேக்காரன் பிடிச்சிருப்பான்!

2024 நவம்பர் 6, புதன்

ராத்திரி 2:24க்கு ஏபி செய்தி நிறுவனம் பென்சில்வேனியாவ ட்ரம்புக்கு குடுத்துச்சு, 5:34க்கு மொத்தமும் முடிஞ்சுது. நார்த்தாம்ப்டன் இந்தத் தடவையும் ஜெயிச்ச பக்கம். டீச்சரம்மா இன்னைக்கு லீவு போட்டுட்டாங்க. பெரியவர் ஆட்டம் போடல, கொடி கட்டல, இலை கூட்டிட்டு இருந்தாரு. "சந்தோஷமா?"ன்னேன். "முட்டை விலை எறங்கட்டும், அப்புறம் சொல்றேன்."

2024 நவம்பர் 18, திங்கள்

எண்ணிக்கை கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. எலக்டோரல் ஓட்டு ட்ரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226, அந்த ஏழு மாநிலமும் ஒரே பக்கம். ஓட்டு சதவீதத்துல ட்ரம்ப் 50க்குக் கொஞ்சம் கீழ, வித்தியாசம் ரெண்டு பாயின்ட் கூட இல்ல. அயோவால 13 பாயின்ட்ல ஜெயிச்சாரு, செல்சர் நேத்து இந்த வேலைய விடுறதா அறிவிச்சுட்டாங்க, ஒரு வருஷம் முன்னாடியே எடுத்த முடிவுன்னு எழுதியிருக்காங்க. அவங்க மேல பாயுறது எனக்கு பிடிக்கல. கிடைச்ச நம்பர மறைக்காம, கூட்டத்தோட ஒத்துப் போக திருத்தாம போட்டாங்க. பலரு அந்த தைரியம் இல்லாமத்தான் எல்லா போலும் ஒரே மாதிரி சமமா இருந்துச்சு.

பாலிமார்க்கெட்ங்கிற பந்தய தளத்துல ட்ரம்ப் மேல கோடிக்கணக்கா கட்டி ஜெயிச்ச பிரான்ஸ்காரர் தனியா போல் எடுக்க வச்சாராம், நீங்க யாருக்குன்னு கேக்காம உங்க அக்கம்பக்கத்துல யாருக்குப் போடுவாங்கன்னு. போன எடுக்காத ஆளப் பத்தி எடுக்குற ஆள் கிட்ட விசாரிக்கிற வழி. எங்க தெருவுல டீச்சரம்மாவ அப்படி கேட்டிருந்தா பெரியவர பத்தி கரெக்டா சொல்லியிருப்பாங்க.

ராத்திரி உக்காந்து கவுன்ட்டி கவுன்ட்டியா பாத்தேன். டெக்சாஸ் எல்லையில ஸ்டார் கவுன்ட்டி, கிட்டத்தட்ட எல்லாருமே ஹிஸ்பானிக், 1892க்கு அப்புறம் ரிபப்ளிகனுக்கு போட்டதே இல்ல, 2016ல கூட ஹிலாரிக்கு 79 சதவீதம். இப்போ ட்ரம்ப். இன ரீதியா ஓட்டு நிரந்தரமா ஒரு கட்சிக்குன்னு கட்டுன கணக்கெல்லாம் அங்க சரிஞ்சுது. மிசௌரி இன்னும் முக்கியம்: ட்ரம்ப் அங்க 18 பாயின்ட்ல ஜெயிச்ச அதே நாள்ல, அதே சீட்டுல கருக்கலைப்பு உரிமையும் பாஸ், 15 டாலர் குறைஞ்சபட்ச கூலியும் பாஸ். லிபரல் கொள்கைக்கு ஓட்டு, கன்சர்வேட்டிவ் ஆளுக்கு ஓட்டு, ஒரே கையால. டெமாக்ரட்ஸ் தோத்தது கொள்கையால இல்ல, அத சொன்ன ஆளுங்கள நம்ப ஆளில்லாததாலன்னுதான் எனக்குப் படுது.

2025 நவம்பர் 5, புதன்

நேத்து நியூஜெர்சிலயும் வர்ஜீனியாலயும் கவர்னர் தேர்தல், ரெண்டுமே டெமாக்ரட்ஸ், ரெண்டுமே பெரிய வித்தியாசம். நியூஜெர்சில இழுபறின்னு சொல்லிட்டு இருந்தாங்க, மைக்கி ஷெரில் பத்துக்கு மேல பாயின்ட்ல அடிச்சுட்டாங்க. போல் மறுபடி தப்பு, இந்தத் தடவை எதிர்ப்பக்கம். எங்க மாநில சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க மூணு பேரும் பதவில நீடிக்கலாமான்னு நடந்த ஓட்டுல சுலபமா தப்பிச்சாங்க. பெரியவர் ஓட்டு போடவே போகல, "ட்ரம்ப் பேரு சீட்டுல இல்லையே"ன்னாரு. டீச்சரம்மா வாசல்ல எல்லா போர்டும் இருந்துச்சு.

முன்னெல்லாம் நெறைய பேரு ஓட்டு போட வந்தா டெமாக்ரட்ஸுக்கு லாபம்பாங்க. இப்போ தலைகீழ். சின்ன தேர்தலுக்கும் தவறாம வர்றவங்க படிச்ச லிபரல் கூட்டம், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பாக்குறவங்க ட்ரம்புக்கு போடுறாங்க. 2026 நவம்பர் 3 காங்கிரஸ் (அமெரிக்க பார்லிமென்ட்) தேர்தலுக்கு இதுதான் அடிப்படைன்னு வச்சுக்கிறேன். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜனாதிபதி பதவிக்காலத்துக்கு நடுவுல வர்ற தேர்தல்ல ஜனாதிபதியோட கட்சிக்கு ஹவுஸ்ல (காங்கிரஸோட கீழ்சபை) சீட்டு கூடுனது 1998லயும் 2002லயும்தான், அதனால ஹவுஸ் கை மாறும்னு நெனைக்கிறேன். ஸ்டார் கவுன்ட்டி மாதிரி இடங்க திரும்பி வருதா இல்லையாங்கிறத மட்டும் எந்த போலயும் நம்பி சொல்ல மாட்டேன், ஓட்டு எண்ணி முடிச்சதும் எழுதுறேன்.