மார்கழியில் உறையும் குழாய்

டொரான்டோவில் வசிக்கும் என் தங்கை, அடித்தளத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் குழாய் மண்ணுக்குள் உறைந்துவிட்டதென்று தொலைபேசியில் சொன்ன அதே வாரத்தில்தான், சென்னை இராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயும் அடைத்துக்கொண்டது. அங்கே மண் ஏறத்தாழ 4 அடி ஆழம்வரை உறையக்கூடும். அவர்கள் வீட்டுக் குழாயோ மேலாகப் பதிக்கப்பட்டு நடுவில் தொய்ந்திருந்ததால், தேங்கிய நீர் பனிக்கட்டியாகி வழியை மூடிவிட்டது. வெளிமுனை வழியாகச் சிறு குழாயை நுழைத்து, வெந்நீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கினார்களாம்.

நம் ஊரில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்பதால், குழாய்க்குள் நீர் உறைய வழியில்லை. உறைவது கொழுப்பு. ஆட்டுக்கொழுப்பு உருக 40 பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் அது எந்தப் பருவத்திலும் குழாயில் கட்டும்; 24 பாகையளவில் உருகும் தேங்காய் எண்ணெயும் மார்கழிக் குளிரில் அதனுடன் சேர்ந்து இறுகுகிறது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை எங்கள் வீட்டில் கழுவிய பிரியாணி அண்டாக்களை நினைத்தபோது காரணம் விளங்கிவிட்டது. வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்க அமைத்த சிறு தொட்டியான சேம்பரின் மூடியைத் தூக்கினால், மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியதுபோல் வெள்ளையாக ஒரு படலம் கெட்டிப்பட்டிருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது தெரு மேன்ஹோலை. அதன் மூடியை நாமே திறக்கலாகாது. அது நிரம்பி வழிந்தால் அடைப்பு தெருக் குழாயில் இருக்கிறது, குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வழியவில்லை. ஆகவே அடைப்பு எங்கள் 4 அங்குலக் குழாயில்தான் என்று தெரிந்தது. வெளியில் நின்றபடியே மூங்கில் பிளாச்சை நுழைத்துக் கட்டியை உடைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஊற்றினோம். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுவது அதைவிடக் கொடிது. கிளம்பும் குளோரின் வாயு மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.

அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆளை இறக்கினால் அரை மணியில் முடிந்துவிடும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கழிவுநீர்க் குழிக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் இல்லையென்று நம்பி இறங்குபவர் ஏறி வருவதில்லை. எங்கள் வீட்டு எண்ணெய்ப் பிசுக்குக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை சாவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இப்போது அண்டாவைச் செய்தித்தாளால் துடைத்த பிறகே கழுவுகிறோம், மிஞ்சிய எண்ணெயை டின்னில் சேர்க்கிறோம். சென்ற வாரம் சேம்பரைத் திறந்து பார்த்தேன். அடியில் குழாயின் பழுப்பு நிறம் தெளிவாகத் தெரிந்தது.