வலப்பக்கத்தால் வருபவருக்கே முதல் உரிமை

2023 ஆகஸ்டில் லண்டனிலிருந்து எங்கள் காரிலேயே பிரான்சுக்குப் போய்ப் பத்து நாள் சுற்றிவிட்டு வந்தோம். நான், மனைவி, எட்டு வயது மகள், மாமி. விஷயம் கேள்விப்பட்ட எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "வலப்பக்கமா ஓட ஏலுமே?" எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. பிரான்சுக் கரையிலுள்ள கலேயில் இறங்கி அரை மணி நேரத்தில் அது போய்விட்டது. எனக்கு வேலை வைத்தவை வேறு.

முதலாவது மாமியின் பாஸ்போர்ட். 2024 பெப்ரவரி வரை செல்லும் என்று போட்டிருந்ததால் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஜூன் மாதம், காரையும் ஏற்றிக்கொண்டு கடலடிச் சுரங்கத்தால் போகும் ரயிலின் டிக்கெட்டுக்கு விவரம் எடுக்கும்போதுதான் மனைவி வழங்கிய தேதியைக் கவனித்தார்: 2013 ஜூலை. முன்கூட்டியே புதுப்பித்தால், பழைய பாஸ்போர்ட்டில் மிஞ்சிய மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் 2018 வரை இருந்தது. அந்த மேலதிக மாதங்களைப் பிரான்ஸ் கணக்கில் எடுப்பதில்லை. நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கிப் பத்து வருடம் தாண்டியிருக்கக்கூடாது. வெளியேறும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது அது செல்ல வேண்டும். இரண்டும் தனித்தனி நிபந்தனைகள். மாமி இரண்டாவதில் பாஸ், முதலாவதில் பெயில். இங்கிலாந்துக் கரையிலுள்ள போக்ஸ்டனில் ரயிலில் ஏறுமுன்னரே பிரெஞ்சுப் பொலிஸ் பாஸ்போர்ட் பார்ப்பதால் அங்கிருந்தே வீடு திரும்பியிருப்போம். நல்லவேளை, புதிது எடுக்க நேரம் இருந்தது.

கார் விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை. பிரிட்டிஷ் போட்டோ லைசென்ஸ் போதும், சர்வதேசப் பெர்மிட் தேவையில்லை. லொக் புக்கின், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தின், மூலப்பிரதியையே கொண்டு போக வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து கிரீன் கார்ட் என்ற காப்பீட்டுச் சான்று தேவையில்லை என்றாலும், இன்சூரன்ஸ்காரரோடு ஒருமுறை கதைத்துவிடுவது நல்லது. என்னுடையது முழுக் காப்பீடு. ஆனால் ஐரோப்பாவில் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான் செல்லும் என்று பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் காசு கட்டி அந்தப் பத்து நாளுக்கும் முழுக் காப்பீடாக மாற்றினேன். நம்பர் பிளேட்டில் நட்சத்திர வட்டத்தோடு ஜீபீ என்றிருந்தது. 2021 செப்டம்பர் 28க்குப் பிறகு அது செல்லாது; பின்னால் யூகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

கார் நின்றுவிட்டால் வீதியில் வைக்கும் எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் ஜாக்கெட் இரண்டும் கட்டாயம். ஜாக்கெட்டை டிக்கியில் வைத்தால் பயனில்லை. காரை விட்டு இறங்குமுன் போட வேண்டியது என்பதால் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் காரின் ஹெட்லைட் அங்கே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், அதைத் தடுக்க லைட்டில் ஒட்டும் ஒட்டு உண்டு. குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக் குழாயும் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் இரண்டு தந்தார். அந்த விதி 2012இல் வந்தது உண்மைதான், ஆனால் மீறியவருக்குத் தண்டம் எதுவும் வைக்கவில்லை, 2020இல் விதியையே எடுத்துவிட்டார்கள். கடைகளில் விற்கும் பயணப் பெட்டிக்குள் மட்டும் அது இன்னும் இருக்கிறது! பாரிஸ் பக்கம் போவதென்றால், கார் எவ்வளவு புகை விடும் என்று காட்டும் கிரிட்-ஏர் ஸ்டிக்கரும் அப்போது வேண்டியிருந்தது. அரசாங்கத் தளத்தில் அப்போது ஐந்து யூரோவுக்கும் குறைவு. தேடும்போது முதலில் வந்து விழுந்த மற்றத் தளங்கள் பல மடங்கு கேட்டன. தபாலில் வருவதால் முன்னரே போட வேண்டியிருந்தது.

மாமி கட்டிக்கொண்டு வந்த இறைச்சி ரோல்ஸை போக்ஸ்டன் கார் தரிப்பிடத்திலேயே சாப்பிட்டு முடித்தோம். 2021இலிருந்து பிரிட்டனில் இருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டு போக முடியாது. மாமிக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

சுரங்கத்தில் முப்பத்தைந்து நிமிடம். வெளியே வந்தால் பலகைகள் எல்லாம் கிலோமீட்டரில். 50 என்றால் 31 மைல், 80 என்றால் 50, 110 என்றால் 68, 130 என்றால் 81 என்று எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. ஊருக்குள் 50 என்று எங்கும் எழுதியிருக்காது. சிவப்பு விளிம்போடு ஊர்ப்பெயர்ப் பலகை வந்தாலே 50 தொடங்கிவிட்டது, பெயரைக் குறுக்கே வெட்டிய பலகை வந்தால் முடிந்தது.

சரியாக மாட்டியது அமியனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அகலமான நேர் வீதியில் நான் போய்க்கொண்டிருக்க, வலப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு சின்ன வான் நிற்காமல் நேரே முன்னால் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். பிழை அவர் மீதென்று ஹோர்னும் அடித்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார். அன்றிரவு பாரிஸில் இருக்கும் சித்தப்பாவின் மகனிடம் சொன்னபோது சிரித்தான். "அண்ணை, அவன்தான் சரி. மஞ்சள் டைமண்ட் பலகையைத் தேடுங்கோ. அது இருந்தா நீங்கள் ராசா. அதிலை கோடு கிழிச்சிருந்தா ராச்சியம் போச்சு, வலப்பக்கத்தாலை வாற எல்லாருக்கும் விடவேணும்." அந்த விதியை நான் வாசித்துத்தான் இருந்தேன். ஆனால் ஒழுங்கையிலிருந்து வருபவர் நிற்பார் என்று இருபது வருடமாகக் கால் பழகியிருக்கிறது, அது பலகையைப் பார்ப்பதில்லை. சுற்றுவட்டங்கள் பெரும்பாலும் நாங்கள் பழகியதுபோலத்தான், உள்ளே சுற்றுபவருக்கு விட வேண்டும். அவர் இடப்பக்கத்தால் வருவார் என்பது மட்டும் வித்தியாசம். பாரிஸில் ஆர்க் த ட்ரியோம்ஃப் என்ற வெற்றி வளைவைச் சுற்றிய வட்டத்தில் மட்டும் நுழைபவருக்கே உரிமை. அங்கே மெட்ரோவில் போனோம்.

சுங்கக் கட்டண வாசலில் பெட்டி இடப்பக்கம், நான் வலப்பக்கம். மனைவிதான் டிக்கெட் எடுத்ததும் காசு கட்டியதும். தனியாகப் போகிறவர்கள் இறங்கி ஓட வேண்டியதுதான். செம்மஞ்சள் 't' மட்டும் போட்ட வரிசை, காரில் கருவி பூட்டியவர்களுக்கு. பச்சை அம்பு போட்ட வரிசையில் போங்கள்.

பெற்றோல் செட்டில் 'கசோல்' என்று எழுதியிருந்ததை கசோலின் என்று நினைத்துக் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். அது டீசல். மகள்தான், "அப்பா, எங்கடை மூடியிலை வட்டத்துக்குள்ளை ஈ இருக்கு, இதிலை சதுரத்துக்குள்ளை பீ இருக்கு" என்றாள். பெற்றோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். அதே செட்டிலிருந்து வெளியே வரும்போது வீதியில் ஒரு வாகனமும் இல்லை. நான் பேசாமல் இடப்பக்கம் ஏறிவிட்டேன். பத்து நாளில் பக்கம் மாறியது அந்த ஒரு தடவைதான். வேறு கார்கள் இருந்தால் அவற்றின் பின்னால் போய்விடலாம், வெறும் வீதியில்தான் கை பழைய பக்கம் போகிறது. அதன் பிறகு நின்று கிளம்பும்போதெல்லாம் பின் சீட்டிலிருந்து மாமி, "தம்பி, வலம்" என்று சொல்வது வழக்கமாயிற்று.

லண்டன் திரும்பி மூன்று இரவு ஹெட்லைட் ஒட்டை உரிக்காமலே ஓடியிருக்கிறேன். எதிரே வந்தவர்கள் ஏன் லைட் அடித்துக் காட்டினார்கள் என்பது நாலாம் நாள்தான் விளங்கியது.