சேற்றுப்புண்ணுக்கு எந்தக் களிம்பு?

சிங்கப்பூர் வெக்கையில் நாள் முழுக்க சேஃப்டி பூட்ஸோடு நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. ஈரத்தில் வளரும் பூஞ்சையால் வருவது அது. எனக்கும் வந்தது. கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் ஊறி வெளுத்து உரிந்தது. இரவில் அரிப்பு தூங்க விடவில்லை.

அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓர் அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்த டியூபை நீட்டினார். "ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும் தம்பி." திருப்பிப் படித்தால் பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல், பாக்டீரியாவுக்கு ஜென்டாமைசின், கூடவே பீட்டாமெத்தசோன், மூன்றும் ஒன்றாக. கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் சட்டென்று அடங்கும், அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். மேலே பார்க்க ஆறியதுபோல இருக்கும், பூஞ்சை பரவிக்கொண்டே போகும். வேண்டாம் அண்ணே என்று கொடுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மருந்துக்கடை. மருந்தை எடுக்கும் முன்பே ஃபார்மசிஸ்ட் கேள்விகளை அடுக்கினார்: சர்க்கரை உண்டா, நகம் தடித்து மஞ்சளாகியிருக்கிறதா, சீழ் வடிகிறதா, கால் வீங்கியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் களிம்பு வாங்காமல் டாக்டரைப் பார்க்கச் சொல்வாராம். எனக்கு எதுவும் இல்லை.

அவர் இரண்டு டியூப் காட்டினார். க்ளோட்ரிமசோல் 1% விலை குறைவு. பூஞ்சை வளராமல் தடுக்கும், ஆனால் அரிப்பு நின்ற பிறகும் விடாமல் 4 வாரம் வரை தடவ வேண்டும். டெர்பினாஃபின் 1% பூஞ்சையைக் கொல்லும். விரலிடுக்கில் வந்ததற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். ஷிஃப்ட் வேலையில் நான்கு வாரம் ஒழுங்காகத் தடவுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அதனால் டெர்பினாஃபின்.

மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன். அது பூஞ்சை நகத்தில் ஏறியவர்களுக்கு, டாக்டர் எழுதித் தருவது. கால் நகம் என்றால் வழக்கமாக 12 வாரம், ஈரல் சோதனையும் செய்வார்கள் என்றார். விரலிடுக்குக்கு அவ்வளவு பெரிய மருந்து எதற்கு?

காலைக் கழுவி, இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் சேர்த்துத் தடவினேன். அரிப்பு முதலில் போனது, தோல் சேர நாளானது. இப்போது இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்திருக்கிறேன். ஒன்று காயும்போது மற்றது காலில்.