'பெய்ட்' என்றால் காசு இல்லை

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் இரண்டாம் கட்டத் தேர்வில் ஆங்கிலம் 45 கேள்வி, 135 மதிப்பெண். சரியாக எழுதினால் 3 வரும், தப்பினால் 1 போகும். இதில் மரபுத்தொடர் என்றாலே நெட்டுரு போடுகிற சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கையேட்டில் 'கால் இட் எ டே', 'புல் த ப்ளக்', 'புட் பெய்ட் டு', 'நிப் இன் த பட்' நான்குக்கும் ஒரே பொருள்தான் போட்டிருந்தது: முடிவுக்குக் கொண்டுவருதல். ஒரு மாதிரித் தேர்வில், முழங்கால் காயம் ஒருவனுடைய ஒலிம்பிக் கனவுக்கு 'புட் பெய்ட்' என்று கேள்வி. விடைகளில் ஒன்று, 'செலவை ஏற்றது'. பெய்ட் என்றால் காசு கொடுத்ததுதானே? யோசிக்காமல் கிளிக் செய்தேன். காயம் எங்கேயாவது செலவை ஏற்குமா!

பாக்கி தீர்ந்ததும் பில்லில் 'பெய்ட்' என்று முத்திரை குத்துவார்களே, அதிலிருந்து வந்தது இது. குத்தியாச்சு என்றால் அந்தக் கணக்கு முடிந்தது. நம் பேச்சில், ஆசையில் மண் விழுந்தது.

அன்றிலிருந்து அகராதிப் பொருளை விட்டுவிட்டு, அந்த இடத்தில் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். 'கால் இட் எ டே'க்கு, கடையைக் கட்டு. வேலை முடிந்திருக்க வேண்டும் என்றில்லை, இன்றைக்குப் போதும், அவ்வளவுதான். 'வேலையை வெற்றிகரமாக முடித்தல்' என்று ஒரு விடை இருந்தால் அது பொறி. ஆனால் பதினைந்து வருஷம் ஆடிய வீரர் 'கால்ட் இட் எ டே' என்றால் ஓய்வு பெற்றுவிட்டார். 'புல் த ப்ளக்' என்பது ஓடிக்கொண்டிருப்பதை ஊத்தி மூடுவது. பெரும்பாலும் காசோ அதிகாரமோ கையில் இருப்பவர் செய்வது. வாக்கியத்தில் முதலாளி, அரசாங்கம், சேனல் என்று யாராவது தட்டுப்பட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. 'நிப் இன் த பட்' ரொம்பச் சுலபம். அவர்கள் மொட்டில் கிள்ளுகிறார்கள், நாம் முளையில் கிள்ளுகிறோம்.

'டிரா ஸ்டம்ப்ஸ்' கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஸ்டம்பைப் பிடுங்கி அன்றைய ஆட்டத்தை முடிப்பது. 'ரிங் டவுன் த கர்ட்டன்', மணியடித்து நாடகத் திரையை இறக்குவது. அதற்கு நேரே 'மங்களம் பாடு' என்று எழுதினேன்.

'வைண்ட் அப்'தான் இன்னும் படுத்துகிறது. கம்பெனியை மூடினாலும் அதுதான், கூட்டத்தை முடித்தாலும் அதுதான், கடைசியில் ஜெயிலில் போய்ச் சேர்ந்தான் என்பதற்கும் அதுதான். இப்போதைக்கு 'மூட்டை கட்டு' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.