வெயில் கறுப்பு: எதை முதலில், எதைக் கடைசியில்

நெல்லைப் பக்கம் முகத்தில் எந்தக் கறுப்பு விழுந்தாலும் ‘மங்கு’ என்றே பெயர். வைத்தியம் தடம் மாறுவதும் இந்தப் பெயரில்தான். மங்கு, புள்ளி இரண்டுக்கும் மாதக்கணக்கில் மருந்து போட்ட பழக்கத்தில் சொல்கிறேன்: முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி படர்ந்து, தோல் மட்டத்திலேயே இருந்தால் அது மங்கு. மிளகு, உளுந்து அளவில் ஓரம் தெளிவாகத் தனித்தனியே கிடந்தால் வெயில் புள்ளி. விரலில் தட்டுப்பட்டால் பெரும்பாலும் சின்ன மரு. அதற்குக் களிம்பு கேட்காது, மின்சூட்டால் தொட்டு எடுப்பார்கள். ஒற்றைப் புள்ளி மட்டும் வளர்ந்துகொண்டே போனாலோ, ரத்தம் கசிந்தாலோ, அழகு நிலையத்தில் கைவைக்க விடாமல் நேரே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். இதில்தான் ஆட்கள் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். பட்டாணி அளவு தேய்த்தால் டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். 50 என்ற வெயில் காப்பு அளவு உங்கள் முகத்தில் இருக்காது. வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு, வெயிலில் நிற்கிற நாளில் 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் ஏற்றிய சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குவது நல்லது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கிளப்பும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. காலையில் நாகர்கோவில் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வழி முழுக்க கிழக்கு வெயில் கன்னத்தில்தான். கண்ணாடியை மூடினாலும் யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர் உள்ளே வரும். சாரல் நேரத்து மேகமும் அப்படித்தான், முழுசாகத் தடுக்காது.

களிம்புகளில் அசெலாயிக் அமிலம் மெதுவானது, ஆனால் நம்பலாம். 10 அல்லது 20 சதவீதம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. முதல் இரண்டு வாரம் அரிக்கும், சுள்ளென்று இருக்கும். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். கர்ப்பிணிகளுக்கும் இதைத் தருவார்கள். ட்ரெடினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) கலந்த எதையும் அவர்கள் தொடக் கூடாது.

வேகமானது மூன்று மருந்துக் கலவை: நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், ஒரு ஸ்டீராய்டு. இரவில் மட்டும், கறுப்பு உள்ள இடத்தில் மட்டும், மெல்லிசாக. வழக்கமாக 8 முதல் 12 வாரம். அதற்குப் பிறகு மருத்துவர் நிறுத்துவார் அல்லது குறைப்பார். கெடுகிற இடமும் இதுதான். “அண்ணாச்சி, முகம் வெளுக்க ஒரு டியூப் குடுங்க” என்று மருந்துக் கடையில் வாங்கி, பவுடர் மாதிரி முகம் முழுக்க வருஷக்கணக்கில் போடுகிறார்கள். தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, பரு கிளம்பும், பூனை முடி வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும்; அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். ஹைட்ரோகுவினோனை நெடுநாள் போட்டால் நீலம் கலந்த கறுப்பு ஏறும், அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்குக் கொப்புளம் வந்து கறுப்பு இரட்டிப்பாகும்.

களிம்புக்கு மசியாத மங்குக்கு டிரானெக்சாமிக் அமில மாத்திரை, பெரும்பாலும் 250 மி.கி. காலை, இரவு. ரத்தப்போக்கை நிறுத்தத் தருகிற மருந்து இது; அதனால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்தவர்களும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவர் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

லேசர் மங்குக்குக் கடைசிக் கட்டம்தான், அதுவும் திரும்பி வரும். தனிப் புள்ளிக்கு நன்றாக எடுபடும், சிலருக்கு ஓரிரு முறையிலேயே. சுட்ட இடத்தில் காபித்தூள் ஒட்டியது போல மெல்லிய பொருக்கு கட்டி, ஒரு வாரம், பத்து நாளில் தானே உதிரும். நகத்தால் பெயர்த்தால் அங்கேயே புதுக் கறுப்பு. நம் நிறத்துக்கு இந்த ஆபத்து அதிகம். முதலில் மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது நமக்கு வேண்டாத வேலை. கறுப்புப் போய் வெள்ளைத் திட்டு நிற்கும்.

கிளைகாலிக் பீல், அதாவது அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது, இடைப்பட்டது. 20, 30 சதவீதத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. சில நாள் முன்பே ட்ரெடினாயினை நிறுத்தாவிட்டால் புண்ணாகும். கோயில் கொடைக்கு முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று முந்தின வாரம் பீல் செய்துகொண்டு, உச்சி வெயிலில் பொங்கல் பானை பக்கம் நிற்பது நம் ஊரில் நடக்கிற கூத்து. பீலோ லேசரோ, ஐப்பசி கார்த்திகை மழை மூட்டத்தில் வைத்துக்கொண்டால் பின்பராமரிப்பு பாதி சுலபம். சித்திரையில் வேண்டவே வேண்டாம்.