காற்று வேண்டும், கெமிஸ்ட்ரி லேபுக்கு மட்டும் வேண்டாம்

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரியின் பழைய அறிவியல் கட்டடத்தைப் புதுப்பித்துப் பெரிதாக்க முடிவானபோது, வேதியியல் துறை சார்பில் கட்டடக் குழுவில் இருந்தேன். "இடிச்சிட்டுப் புதுசா கட்டுததுதான் சார் லாபம்" என்றார் கான்ட்ராக்டர் அண்ணாச்சி. இரண்டடி கனச் சுவர், மர உத்தரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரையிலும் உள்ளே உட்கார முடியும். அதை இடித்துவிட்டு ஏசி வாங்குவதில் என்ன பசுமை? ஒருவழியாக இடிப்பு நின்றது.

பெரிய இழுபறி காற்றில்தான். ஆனி, ஆடியில் தென்காசிக்குச் சாரல் கொடுக்கும் மேல்காற்று, எங்களுக்குப் புழுதியைத்தான் கொண்டுவரும். ஆர்க்கிடெக்ட் மேற்கும் கிழக்கும் பெரிய ஜன்னல்கள் வரைந்திருந்தார். வகுப்பறைக்குச் சரி. ஆனால் லேபில் நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் என்ற கூண்டு, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில்தான் காற்றை உள்ளே இழுக்கும். ஜன்னல் காற்று அதைவிட வேகமாகக் குறுக்கே அடித்தால், ஆசிட் புகை மாணவர் முகத்துக்கே திரும்பும். பன்சன் சுடரும் நிற்காது.

அறைகளை மாற்றினோம். இயற்பியலும் தாவரவியலும் பழைய கட்டடத்தில். புகைக்குழாய்க்காகப் பழைய கூரையைத் துளைக்காமலிருக்க, வேதியியல் புதியதில். அதன் மேற்கு வெயிலைத் தாங்கப் படிக்கட்டும் கழிப்பறையும். கெமிக்கல் ஸ்டோரையும் அங்கேயே தள்ளப் பார்த்தார்கள். வெயில் காயும் சுவரோரம், சட்டென ஆவியாகித் தீப்பிடிக்கும் அசிட்டோனையும் ஈதரையும் வைப்பதா! சண்டை போட்டு வடக்கே கொண்டுபோனேன். புதுச் சுவர்களுக்கு ஃபிளை ஆஷ் கல். அனல்மின் சாம்பலுக்குத் தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கிறது.

பழைய கூரை ஒழுகியதற்குக் காரணம், முன்பு யாரோ மேலே பூசிய சிமெண்ட். "மூச்சு விடுத கூரை சார், மூக்கைப் பொத்திட்டாங்க" என்றார் வயதான கொத்தனார். அதைக் கொத்தியெடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கோடை விடுமுறைக்குள் முடியாமல், ஜூனில் பிராக்டிகலைத் தள்ளிவைத்தோம்.

சோலார் பேனலுக்கு எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. காய்ச்சி வடிக்கும் கருவியைக் குளிர்விக்க, கிடைக்கும் நீரைப்போலப் பல மடங்கு நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. இப்போது அது தொட்டியில் சேர்ந்து கழிப்பறைக்குப் போகிறது. ஆசிட் கழிவுக்குத் தனிக் குழாய், சுண்ணாம்புக்கல் போட்ட தொட்டி. அது மழைநீர்க் குழிப் பக்கம் போகவே கூடாது என்பதால், பிளம்பர் குழாய் பதித்த அன்று முழுவதும் கூடவே நின்றேன்.